உங்கள் பல் செட் தயார்

“நாளைக்கே இது இல்லாமப் போயிட்டா... உங்களுக்கு எவ்வளவு வருத்தமா இருக்கும்?”

இப்படி ஒரு கேள்வியை ஒருவன் அவளிடம் கேட்டான். வாயால் கேட்கவில்லை, கைபேசிக்குப் படிவமாக அனுப்பினான். கீழே மூன்று பதில்கள். ஒன்றைத் தொட வேண்டும். ரொம்ப வருத்தம். கொஞ்சம் வருத்தம். வருத்தமே இல்லை.

அவள் மூன்றாவதைத் தொட்டாள். பச்சைப் பொய்!

அந்தப் பொய்யை ஏன் சொன்னாள் என்று தெரிய வேண்டுமானால் ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு மழைக்குப் போக வேண்டும்... அதற்கும் கொஞ்சம் முன்னால், ஒரு பல் செட்டுக்கு.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. அண்ணனின் மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துவதும், லென்ஸ் துடைப்பதும், கல்லாவைப் பார்ப்பதும் அவள்தான். ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கைபேசி சிணுங்கியது.

“அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் பல் செட் தயார். வந்து பெற்றுக்கொள்ளவும்.”

அவள் நாக்கால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள். முப்பத்திரண்டும் சொந்தப் பல். யாரோ எண்ணை மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். மறுநாளும் பல் செட் தயார். அதற்கு மறுநாள் ஒன்பது முறை தயார்! திருப்பி அழைத்தால் எடுப்பாரில்லை. “எனக்குப் பல் இருக்கிறது” என்று பதில் அனுப்பினாள். கண் சிமிட்டுவதற்குள், “நன்றி! உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்” என்று வந்தது.

அந்த எண்ணுக்கு அவள் வைத்த பெயர்... ‘பல் செட்’.

இதற்கிடையில் சித்தி ஒரு வரன் பார்த்தாள். தேநீர்க் கடையில் ஒரு சந்திப்பு. கணக்கர், தலை வாரியதே கோடு போட்டது போல இருந்தது. மேசை மேல் கிடந்த அவள் கைபேசி சரியாக அந்த நேரம் பார்த்து ஒளிர்ந்தது. கணக்கர் குனிந்து படித்தார். அதன் பிறகு அவர் அவள் கண்ணைப் பார்க்கவே இல்லை. பேச்சு முடியும்வரை பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

“விடு சின்னது,” என்றார் அண்ணன். “கண்ணு நம்ம கடையில, பல்லு அவன் கடையில. ரெண்டு பேரும் சேர்ந்தா முழு மனுஷனையே செஞ்சுடலாம்.”

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு வாய் ஓயாது. எதிர்க் கடைக்குப் போய்ப் பேனா வாங்கி வருவதென்றால்கூட, எதற்குப் போகிறார், எப்போது வருவார், வரும்வரை இவள் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வாக்கியம் சொல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். வாயை மூடிக்கொண்டு அவர் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பியதாகச் சரித்திரமே இல்லை.

இனி அந்த மழை...

அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். தெரு முழுக்க வெள்ளித் திரை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் ஒரு கண்ணாடி, இன்னொரு கையில் இன்னொரு கண்ணாடி... நடுவில் உடைந்த சட்டம். நேராகக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் போனான்.

“மேடம், கொஞ்சம் அவசரம். இது இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

அந்த மேடம் சிரித்தபடியே நின்றாள். விளம்பரத்துக்கு வைத்த அட்டைப் பெண்.

“அவங்க பேச மாட்டாங்க,” என்றாள் இவள், சிரிப்பை விழுங்கிக்கொண்டு. “நான் பேசுவேன். இப்படி வாங்க.”

அவன் காது சிவந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

உடைந்த கண்ணாடியின் பவரை மெஷினில் பார்த்தாள். அண்ணன் வரும்வரை குருடனாக உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று, சோதனைக்குப் போடும் வட்ட இரும்புச் சட்டத்தை அவன் மூக்கில் ஏற்றினாள். ஒவ்வொரு லென்ஸாகச் செருகினாள்.

“இப்ப எப்படி இருக்கு?”

“மஞ்சளா... ஒரு மேகம்.”

அவள் உடை மஞ்சள். லென்ஸை மாற்றினாள்.

“இப்ப?”

“மேகத்துக்கு... கண்ணு இருக்கு.”

“சரியா பாத்துச் சொல்லுங்க,” என்று இன்னொன்றைச் செருகினாள். “இப்ப?”

மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அந்த இரும்பு வட்டங்களுக்குள் இரண்டு கண்கள், இப்போதுதான் உலகத்தில் விழித்தவை போல, நனைந்து, அகன்று, அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனையோ பேர் கண்களை அவள் பக்கத்தில் பார்த்திருக்கிறாள். எல்லாரும் அவளைத் தாண்டிச் சுவரில் உள்ள எழுத்துகளைத்தான் தேடுவார்கள். சுவரை மறந்த முதல் ஆள் இவன்தான்...

“என்னங்க, தெரியலையா?”

“தெரியுது,” என்றான் மெல்ல. “நல்லாவே தெரியுது.”

இப்போது அவள் காது சிவந்தது. மறைக்க வேண்டுமே! “ஃபோன் நம்பர் சொல்லுங்க, ரெடியானதும் கூப்பிடறேன்,” என்று கைபேசியை எடுத்தாள். அவன் சொல்லச் சொல்ல அழுத்தினாள். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் ஒரு பெயர் எழுந்து நின்றது.

பல் செட்.

“நீங்களா!” அவள் போட்ட சத்தத்தில் சோதனைச் சட்டம் அவன் மூக்கிலிருந்து நழுவியது. “நீங்கதானா அந்தப் பல் செட்டு? எத்தனை வாட்டி தயார் பண்ணுவீங்க ஒரே பல்லை?”

“உ... உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எப்படித் தெரியுமா? தினமும் எனக்குத்தானே அனுப்பறீங்க!”

அவள் தன் எண்ணைச் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஐயோ... அது டெஸ்ட் நம்பருங்க. நான் செய்யற மென்பொருள்ல மெசேஜ் சரியாப் போகுதான்னு பாக்க ஏதாவது ஒரு நம்பர் வேணும். வாயில வந்ததைப் போட்டேன். அது கற்பனை நம்பருங்க!”

“கற்பனையா? இதோ நிக்கிறேன், உயிரோட!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “ஆமா... இப்படி எனக்குக் கற்பனை பண்ணவே வராது,” என்று முணுமுணுத்தான்.

“உங்களால எனக்கு வந்த ஒரு வரனே போச்சு, தெரியுமா?”

“மன்னிச்சிருங்க...”

மன்னிப்பா? அந்தக் கணக்கரிடமிருந்து காப்பாற்றியதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும் என்று அவள் மனசு சொன்னது. வாய் சொல்லவில்லை.

அண்ணன் வந்து ஒட்டிக்கொடுத்த சட்டம் காயும்வரை அவன் கதை வெளியே வந்தது. நல்ல வேலையை விட்டுவிட்டான். சேமிப்பை வைத்துக்கொண்டு, யாரிடமும் முதலீடு கேட்காமல், தெருக்கோடியில் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு வருஷமாக ஒரு வலைத்தள மென்பொருள் செய்கிறான். பல் செட் செய்யும் இடங்களுக்காக. செட் தயாரானதும் ஆட்களுக்குத் தானாகவே செய்தி போகும்.

“எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?”

“இன்னும் யார்கிட்டயும் காட்டலை. முழுசா முடியட்டும்னு...”

“ஒரு வருஷமாவா?”

“லோகோவுக்கு நிறம் முடிவு பண்ணவே ஏழு வாரம் ஆச்சுங்க.”

“கடையைத் திறக்காமலே போர்டுக்குப் பெயின்ட் அடிச்சுட்டு இருந்தீங்களாக்கும்! சரி, பல் டாக்டர் யாரையாவது தெரியுமா?”

“எனக்குப் பல்வலிகூட வந்ததில்லை.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாத சிரிப்பு வந்தால் அவளுக்குக் கண் மூடிக்கொள்ளும். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு பதிவேட்டை எடுத்துப் போட்டாள்.

“இதைப் பாருங்க. ஒவ்வொருத்தரும் மூணு வாட்டி வந்து, ‘ரெடியா, ரெடியா’ன்னு கேட்டுத் திரும்பிப் போறாங்க. வயசானவங்க படியேறி வந்து வெறுங்கையோட போறதைப் பாக்க எனக்கே பாவமா இருக்கு. உங்க பல் செட்டைக் கழட்டிட்டு இதுக்கு ஏதாவது பண்ண முடியுமா? நான் பத்தாவது பாதிதான், கம்ப்யூட்டரும் பழக்கமில்ல.”

மூன்றாம் நாள் கொண்டுவந்தான். திரையில் ஒரு பொத்தான்தான். ‘உங்கள்’ என்ற சொல்லுக்கும் ‘தயார்’ என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு காலி இடம். பொருளின் பெயரை எழுதி அழுத்தினால் போதும்.

அதற்கப்புறம் அவன் வராத நாள் இல்லை. சொந்தக் காசில் மென்பொருள் கம்பெனி தொடங்குவதற்கு யோசனைகள் என்று நூறு கட்டுரை படித்திருப்பதாகச் சொன்னான்.

“அந்த நூறு பேர்ல ஒருத்தராவது ஒரு கண்ணாடி வித்திருக்காங்களா?” என்று கேட்டாள் அவள்.

அன்றிலிருந்து கட்டுரைகளைக் கிழித்துவிட்டு, அவள் சொன்னதைத் தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினான். “கேக்காததைச் செய்யாதீங்க. கேட்டதை எல்லாமும் செய்யாதீங்க.” “ஓசியில குடுத்தா ஓரமாத்தான் வெப்பாங்க. முதல் நாள்லேர்ந்தே விலை சொல்லுங்க.” “கூப்பிட்டா நீங்களே எடுங்க, மெஷினை விட்டு நன்றி சொல்லாதீங்க!”

கடை கடையாக ஏறிப் பேச அவனுக்குக் கூச்சம். அவள் விடவில்லை. அட்டைப் பெண்ணுக்கு முன்னால் நிறுத்தி ஒத்திகை பார்த்தாள்.

“வணக்கம் மேடம், நாங்க ஒரு ஒருங்கிணைந்த தீர்வு...”

“மேடம் தூங்கிட்டாங்க. மறுபடி.”

“வணக்கம்க்கா, துணி தைக்கக் குடுத்தவங்க திரும்பத் திரும்ப வந்து தொல்லை பண்றாங்களா?”

“ம்... இப்ப மேடம் கண்ணைத் தொறந்துட்டாங்க.”

தையல்கார அக்கா சேர்ந்தாள். கடிகாரம் பழுது பார்ப்பவர் சேர்ந்தார். ஆறு மாதத்தில் பதினொரு கடைகள். ஒவ்வொரு கடை சேரும்போதும் அவன் தெருவில் ஓடி வருவது கண்ணாடி வழியாகத் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் அந்தக் கண்ணாடியைத் தினமும் இரண்டு முறை துடைத்தாள்... யாருக்கும் தெரியாமல்.

ஒரு மத்தியான வேளை, பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்ட காரணத்தைக்கூட அவனிடம் சொன்னாள். அப்பா இறந்த வருஷம் அது. அண்ணன் படிப்பு முடியட்டும் என்று அவளாகவே நின்றுகொண்டாள். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டான்.

பிறகுதான் அது நடந்தது.

அவன் ஒரு பச்சை நோட்டுப் புத்தகம் வைத்திருப்பான். பேச்சுக்கு நடுவில் திடீர் திடீரென்று எதையோ கிறுக்குவான். அன்றைக்குத் தையல்கார அக்கா கூப்பிட்டாள் என்று அவசரமாக ஓடியவன், அதைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அண்ணன் எடுத்துப் பிரித்தார். மனுஷருக்கு மனசுக்குள் படிக்கவும் தெரியாது.

“பயனர் 1. பெண். படிப்பு: பத்தாவது பாதி. கணினிப் பழக்கம் இல்லை. இவருக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.”

அண்ணனின் குரல் கடைசிச் சொல்லில் தேய்ந்தது. “அட... இது யாரையோ சொல்றான் போல...” என்று சமாளித்தார். யாரையோ இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அவள் நோட்டை வாங்கி மூடினாள். இழுப்பறையில் வைத்தாள். ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த லென்ஸ்...

அப்படியானால் இத்தனை நாள் வந்தது அதற்குத்தானா? மக்குக்கே புரிகிறதா என்று பார்க்கவா? அவள் சிரித்ததும், பேசியதும், பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னதும்... எல்லாம் பரிசோதனையா? பல் செட் அனுப்பியதைப் போலவே... டெஸ்ட்!

மறுநாள் அவன் வந்தபோது அவள் பின்பக்கம் போய்விட்டாள். அதற்கு மறுநாளும். கேட்டதற்கெல்லாம் “ம்”, “இல்ல”, “அண்ணன்கிட்ட கேளுங்க”. நோட்டைப் பற்றி அவன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “நான் எதையும் பாக்கலை” என்றாள். அவன் முகம் வாடியது. ஒரு வாரம் கழித்து, பதினொரு கடைக்கும் அந்தப் படிவம் போயிற்று.

நாளைக்கே இது இல்லாமல் போய்விட்டால்...

வருத்தமே இல்லை. தொட்டுவிட்டாள். தொட்ட விரல் அன்று முழுவதும் சுட்டது.

நான்கு நாள் கழித்து, மழை மூட்டமாக இருந்த காலையில், தையல்கார அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே வந்து நின்றாள்.

“என்னடி இது அநியாயம்? மாசக் கடைசியோட மூடறானாமே உன் ஆளு! வெளியூர்ல வேலைக்குப் போறானாம், திங்கக்கிழமை சேரணுமாம். இப்பத்தான் என் கடையில சண்டை சத்தம் இல்லாம இருக்கு!”

“என் ஆளா? அவர் யாரோ...”

“ஆமா, யாரோதான். நாங்க பத்து கடையும் பேசிக்கிட்டோம். பத்து பேரும் ‘ரொம்ப வருத்தம்’னுதான் போட்டோம். எது ஒண்ணோ மாத்திப் போட்டுருச்சாம். அதுக்குப் போய் மூடுவானா ஒருத்தன்? கேட்டா, ‘அந்த ஒண்ணுதான்க்கா எனக்கு முக்கியம்’னு சொல்லிட்டு மென்னு முழுங்கறான். யாருடி அந்தப் புண்ணியவதி?”

புண்ணியவதி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா போனபின் கடை அமைதியாக இருந்தது. பின்னறையில் அண்ணன் லென்ஸ் தேய்க்கும் மெஷின் மட்டும் கிர்ரென்றது. படிவத்தை மறுபடி திறந்தாள். ‘நீங்கள் ஏற்கெனவே பதில் அளித்துவிட்டீர்கள்’ என்றது. ஒரு தடவைதானாம்! மனுஷிக்கு மனசு மாறாதா? இதையெல்லாம் யோசிக்காமல் என்ன மென்பொருள் செய்கிறான்...

கோபத்தோடு கடைக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அந்த ஒற்றைப் பொத்தான் இருந்தது. காலி இடம் காத்திருந்தது. அவன் எண்ணைப் போட்டாள். காலி இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

“அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் பதில் தயார். கடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்.”

மழை பிடித்துக்கொண்டது. தெருக்கோடியிலிருந்து ஒருவன் ஓடி வருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. குடை இல்லை. மூக்குக் கண்ணாடி முழுக்க நீர். கதவைத் தள்ளி உள்ளே வந்தவன், நேராக அட்டைப் பெண்ணின் முன்னால் போய் நின்றான்.

“மேடம்... என் பதில் தயார்னு மெசேஜ் வந்துச்சு.”

தெரிந்தேதான் செய்தான், கள்ளன்!

“அவங்க பேச மாட்டாங்க,” என்றாள். “நானும்தான்... ரொம்ப நாளாப் பேசலை.”

அவன் திரும்பினான். அவள் இழுப்பறையைத் திறந்து பச்சை நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“இவருக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்... இல்லையா?”

அவன் முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கேயோ போயிற்று. “படிச்சிட்டீங்களா...”

“அண்ணன் படிச்சார். நான் கேட்டேன்.”

“எத்தனை பக்கம்?”

“ஒண்ணு. போதாதா?”

“போதாது,” என்றான். “அது முதல் நாள் எழுதினது. எழுதினவன் ஒரு முட்டாள். வருஷம் பூரா யாருக்கும் காட்டாம ஒரு பொருளைச் செஞ்ச அதே முட்டாள். ஆளைத் தெரிஞ்சுக்காமலே முடிவு பண்றவன். மீதியையும் படிங்க... உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

அவள் பிரித்தாள்.

‘பயனர் 1 சொல்வதில் பாதி எனக்கு இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.’

‘பயனர் 1 அடக்க முடியாமல் சிரித்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணாடிக் கடையில் இது பெரிய நஷ்டம்.’

‘பயனர் 1 அண்ணனுக்காகப் பள்ளியை விட்டவர். இதைப் பற்றி நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல் கிடைக்கவில்லை.’

‘இன்று கடை விடுமுறை. ஒரு காரணமும் இல்லாமல் இந்தத் தெருவில் நான்கு முறை நடந்தேன்.’

பக்கம் பக்கமாக அவள்தான். பயனர் இரண்டு முதல் பதினொன்று வரை எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பக்கம். கடைசியில் ஒரு கேள்வி.

‘நாளைக்கே இவர் இல்லாமல் போய்விட்டால், எனக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும்?’

கீழே மூன்று பதில்கள். முதல் பதிலில் போட்ட குறி, அழுத்தம் தாங்காமல் தாளையே கிழித்திருந்தது.

எழுத்துகள் கலங்கின. எந்த லென்ஸ் போட்டாலும் இப்போது தெளியாது...

“பத்து பேர் ரொம்ப வருத்தம்னாங்க,” என்றாள் தலை நிமிராமல். “ஒருத்தி சொன்னதுக்காகக் கடையை மூடுவாங்களா? எந்தக் கட்டுரையில அப்படி இருக்கு?”

“எந்தக் கட்டுரையிலயும் இல்ல. ஆனா அந்த ஒருத்தி நீங்களாச்சே.”

“அந்த ஒருத்தி சொன்னது பொய்.”

பின்னறையில் மெஷின் சத்தம் நின்றது. இருவருக்கும் அது கேட்கவில்லை.

“அப்ப... நிஜம்?”

“ரொம்ப... ரொம்ப வருத்தமா இருக்கும்.”

“மென்பொருள் இல்லாமப் போனாலா?”

அவள் நிமிர்ந்தாள். நனைந்த இமைகளுக்குள் குறும்பு ஒரு துளி மின்னியது.

“அதுக்குக் கொஞ்சம் வருத்தம்.”

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும், நீர் வழியும் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்க மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். எதிரே அவனுக்கு மங்கலாக ஒரு மேகம்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் சரியாக அதன் கண்களையே பார்த்தான்.

“அந்த வெளியூர் வேலை?” என்றாள் மெதுவாக.

“கேக்காததைச் செய்யாதீங்கன்னு சுவத்துல ஒட்டியிருக்கு. நான் அந்த வேலையைக் கேக்கவே இல்ல. அவங்களாக் கூப்பிட்டாங்க.” கொஞ்சம் தயங்கினான். “நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். மெசேஜ்ல வந்துச்சு... தயார்னு.”

அவள் கையை நீட்டி அவனுடைய கண்ணாடியை வாங்கினாள். தன் துணியால் துடைத்தாள். குதிகால் உயர்த்தி, அவன் காதுகளில் மெல்லப் பொருத்தினாள்.

“இப்ப எப்படி இருக்கு?”

அவன் பதில் சொல்லும் முன் பின்னறைத் திரை விலகியது. அண்ணன்! கையில் பாதி தேய்த்த லென்ஸ். தங்கையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். நடுவில் விரிந்து கிடந்த பச்சை நோட்டைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது...

மூடிக்கொண்டது.

லென்ஸைக் கல்லா மேல் வைத்தார். வாசலுக்குப் போனார். கதவில் தொங்கிய பலகையில் ‘மூடியிருக்கிறது’ என்ற பக்கத்தைத் தெருவுக்குத் திருப்பினார். மூலையில் இருந்த குடையை எடுத்தவர், என்னவோ நினைத்து, அதை அவர்கள் இருவருக்குமாக அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு, கொட்டும் மழையில் இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.